எழுத்தும் ஒலியும் மாறுபடுஞ் சொற்கள்: இளஞ்சிறார்க்கு வீட்டிற் பயிற்றும் முறை

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கடலோரப் பெருவழியின் ஊர்ப்பெயர்கள், தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவனுக்கு நல்லதொரு பாடநூலாகும். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என அவை தொடர்ந்து புல்மோட்டையை வந்தடைகின்றன. புறப்படும் நகரத்தின் பெயரிலேயே ஓர் ஐயம் உண்டு. திருகோணமலை என்று எழுதுவாரும் உளர். ககர ஒற்று மிகத் திருக்கோணமலை என்று எழுதுவாரும் உளர். சென்று சேரும் ஊரின் பெயரில் மற்றோர் ஐயம் உண்டு. புல், மோட்டை என்று அதனைப் பிரித்து நோக்கின், லகர மெய்யின் பின் மகரம் வருகின்றது. பழைய இலக்கண விதிப்படி லகரம் னகரமாகத் திரிதல் வேண்டும். நல் என்பதனோடு மை சேர்ந்து நன்மையாகின்றது. கல் என்பதனோடு மலை சேர்ந்து கன்மலையாகின்றது. அவ்வாறாயின் எங்கள் ஊர் புன்மோட்டையாதல் வேண்டும். ஆயின் அவ்வாறு எழுதுவாருமில்லை, சொல்லுவாருமில்லை. வழக்கு விதியை வென்றுவிட்டது.

ஊர்ப்பெயர்களிலேயே இத்தனை சிக்கல் இருக்குமாயின், ஆறு ஏழு வயதுப் பிள்ளை தன் கொப்பியில் எழுதும் சொற்களில் எத்தனை சிக்கல் இருத்தல் கூடும்? “தமிழ் ஒலிப்படி எழுதும் மொழி, ஆங்கிலம்போல் அதில் எழுத்துக்கூட்டும் தொல்லை இல்லை” என்று நாம் பெருமையாகக் கூறிவருகின்றோம். இக்கூற்றிற் பெரும்பகுதி உண்மை. எஞ்சிய சிறுபகுதியிலேதான் எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுகின்றனர். அச்சிறுபகுதி யாது, அதனைப் பெற்றோர் வீட்டிலிருந்தே எவ்வாறு கடக்கச் செய்யலாம் என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவையும் பரவையும்

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு வகுப்பிற் சொல்வதெழுதல் நடத்தினேன். கடற்றொழிலாளர் ஒருவரின் மகன் “பறவை பறந்தது” என்பதனைப் “பரவை பரந்தது” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையாற் கோடிட்டு, சரியான சொல்லை நூறு முறை எழுதி வருமாறு பணித்தேன். என் ஆசிரியர்கள் எனக்குச் செய்ததனையே நானும் செய்தேன். மறுநாள் அவன் கொண்டுவந்த தாளை உற்று நோக்கியபோதுதான் உண்மை புலப்பட்டது. அவன் சொல்லை நூறு முறை எழுதவில்லை. முதலிற் பகரத்தை மேலிருந்து கீழாக நூறு முறை எழுதினான். அடுத்து றகரத்தை நூறு முறை. ஈற்றில் ‘வை’ நூறு முறை. கை உழைத்தது, மனம் கடற்கரையில் இருந்தது. அன்று பிற்பகலே மீண்டும் ‘பரவை’ என்று எழுதினான்.

பரவை என்றாலும் தமிழில் ஒரு பொருள் உண்டு. அது கடலைக் குறிக்கும். கடலோடு பிறந்து வளர்ந்த பிள்ளை எழுதிய கடல் பரந்தே கிடந்தது. அவன் எழுதிய தொடரில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. நான் சொன்ன தொடர் அதுவன்று, அவ்வளவே. அதனை அவனுக்குச் சொல்லும் அறிவு எனக்கு அன்று இருந்ததில்லை. அடுத்த கிழமை சொல்வதெழுதல் உள்ள நாளில் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. கரைவலை இழுக்கும் இடத்தில் நிற்கிறான் என்று பிள்ளைகள் கூறினர்.

நான் வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய தாயார், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து இரண்டாம் வகுப்போடு படிப்பை இழந்தவர், வாசலில் நின்று ஒரு வினா வினவினார். “சேர், எனக்கு எழுத்து வராது. புள்ள எழுதக்குள்ள அது சரியா பிழையா எண்டு எனக்கு விளங்காது. நான் வீட்டில என்ன செய்ய?”

பட்டத்துக்கு வெளிவாரி மாணவனாக இராவிளக்கின் முன் பல நூல்களைப் படித்திருந்தும், அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருந்ததில்லை. அதன்பின் நான் கண்டறிந்த விடையே கீழே வருவது.

சிக்கல் எங்கே உள்ளது?

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்கள் உள்ளன. இவ்வெண்ணைக் கண்டு மலைப்பவர் உளர். ஆனால் 247 வடிவங்களைக் கற்றல் பிள்ளைகளுக்குப் பெருந்தடையன்று. ஈராண்டுகளில் பெரும்பாலோர் கற்றுவிடுகின்றனர். ககரம் ‘கடல்’ என்பதில் ஒருவாறும், ‘தங்கம்’ என்பதில் வேறொருவாறும், ‘பகல்’ என்பதில் மற்றொருவாறும் ஒலிப்பதும் தடையன்று. இடம் நோக்கி ஒலி தானே மாறுகின்றது. தமிழ் பேசும் பிள்ளைக்கு நா அதனை முன்னரே அறியும். தடை மூன்று இடங்களிலேயே உண்டு.

முதலாவது, செவிக்கு ஒன்றாகவோ ஏறத்தாழ ஒன்றாகவோ தோன்றி, எழுத்தில் வேறாக நிற்பவை. எங்கள் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. மழையை ‘மளை’ என்றும் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றும் சொல்லும் பிள்ளை, கேட்டபடியே எழுதுகின்றது. இரண்டு உயிரொலிகளுக்கிடையே தனித்து வரும் ரகரமும் றகரமும் பெரும்பாலோர் வாயில் வேறுபடுவதில்லை. கரை, கறை, இரை, இறை, கூரை, கூறை, ஒளி, ஒழி, தளை, தழை, வளி, வழி என்னும் இணைகளைச் செவி கொண்டு மட்டும் பிரித்தல் அரிது. எங்கள் கடற்றொழிலாளர் நன்கறிந்த காற்றொன்றின் பெயரையே சோழகம் என்றும் சோளகம் என்றும் இருவகையாக எழுதக் காண்கின்றோம்.

இரண்டாவது, பேச்சு வடிவமும் எழுத்து வடிவமும் முற்றிலும் வேறாக நிற்பவை. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு என்று எண்ணும் பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதக் கற்கின்றது. கண்டு என்று அது சொல்லும் பசுவின் குட்டி, எழுத்தில் கன்று ஆகின்றது. றால் என்று அது உண்பது, எழுத்தில் இறால் ஆகின்றது. படிச்சான், படித்தான், வேணும், வேண்டும் என்பனவும் அவ்வாறே. இவற்றிற் பிள்ளை செய்வது பிழையன்று. தன் தாய்மொழியை உள்ளபடி எழுதுதலே. அதனைப் பிழை என்று அடிப்பது, அதன் தாயின் வாய்மொழியைப் பிழை என்பதாகும்.

மூன்றாவது, பிறமொழியிலிருந்து வந்த சொற்கள். இவற்றில் இலங்கைத் தமிழுக்கே உரிய ஒரு விந்தை உண்டு. எங்கள் நாட்டில் ‘காற்று’, ‘நேற்று’ என்பனவற்றில் வரும் இரட்டை றகரம், நுனிநா பல்லின் மேலுள்ள அண்பகுதியைத் தொட்டுப் பிறக்கும் வல்லொலியாக இன்றும் நிலைத்துள்ளது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது ‘காத்து’, ‘நேத்து’ எனத் தகரமாகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘ரீ’ என்னும் எழுத்தொலி எங்கள் றகர வல்லொலிக்கே அண்மையது. ஆகவே எங்கள் முன்னோர் அவ்வொலியை ஈற்றிலும் இடையிலும் றகரத்தாற் குறித்தனர். ரிக்கற் என்றும் இல்மனைற் என்றும் எழுதியது இதனாலேயே. சொல்லின் முதலில் அதே ஒலிக்கு ரகரத்தை வைத்தனர். ரயர், ரின், ரோச், ரொபி, ரீச்சர் என்றவாறு எழுதி, வல்லொலியாக வாசித்தனர். உண்மையான ரகர ஒலி முதலில் வரும்போது றேடியோ, றப்பர் என்று றகரத்தை இட்டனர். தமிழ்நாட்டு நூல்களும் திரைப்படங்களும் தொலைக்காட்சியும் டகர வழக்கைக் கொண்டுவந்தபின், இரு மரபுகளும் ஒரே வீட்டிற் கலந்து நிற்கின்றன. 1957இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் தோன்றிய நாள் முதல் எங்கள் ஊரின் பெயரோடு பிரியாது நிற்கும் கனியத்தின் பெயரையே இல்மனைற், இல்மனைட் என்று இருவகையாக எழுதுகின்றனர். பாட்டனார் ரயர் என எழுத, பேரன் டயர் என எழுதுகின்றான். இருவரும் பிழை செய்யவில்லை. இருவரும் வெவ்வேறு மரபில் நிற்கின்றனர்.

விதி துணைசெய்யும் இடம்

இனி, ஐயத்துக்கிடமான சொற்களனைத்தையும் மனப்பாடம் செய்தலே வழியோ எனின், அன்று. பிள்ளையின் சுமையிற் பாதியை இலக்கணமே இறக்கி வைக்கின்றது.

மூன்று நகரங்களின் மரபுப்பெயர்களை எடுத்துக்கொள்வோம். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று அவற்றைப் பெரியோர் வழங்கினர். பெயரிலேயே விதி அடங்கியிருக்கின்றது. டகரத்துக்கு முன் வருவது டண்ணகரம்: நண்டு, வண்டி. தகரத்துக்கு முன் வருவது தந்நகரம்: பந்து, வந்தான். றகரத்துக்கு முன் வருவது றன்னகரம்: கன்று, தென்றல். மேலும், தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது தந்நகரம் ஒன்றே, மற்றையிரண்டும் வாரா. ஆகவே நாய், நிலா, நீர் என்பனவற்றில் ஐயத்துக்கு இடமேயில்லை. வழக்கிலுள்ள சொற்கள் தந்நகரத்தில் முடிவதுமில்லை. ஈற்றில் வருவது பெரும்பாலும் றன்னகரமே. கண், மண், பெண், ஆண், எண், புண், தூண் என டண்ணகரத்தில் முடியும் சிலவற்றைத் தனியே கற்றாற் போதும். சொல்லிடையில் தந்நகரம் தனித்து வருவது இயக்குநர், ஓட்டுநர், அநேகம், அநியாயம் என்றாற்போன்ற சில இடங்களிலேயாம். எஞ்சுவன மனம், மணம்; பனி, பணி போன்ற இணைகள் மட்டுமே.

ரகர றகரங்களும் அவ்வாறே. இரட்டித்து வருவது றகரம் மட்டும்: வெற்றி, ஆற்றில். னகர மெய்யின் பின் வருவதும் றகரம் மட்டும். தமிழ்ச் சொல்லின் ஈற்றில் மெய்யாக வருவது ரகரம் மட்டும்: ஊர், நீர், வேர். றகர மெய்யின் பின் மற்றொரு மெய் இரட்டிப்பதில்லை; ஆகவே முயற்சி, பயிற்சி என்பனவற்றில் ஒரு சகரமே போதும். டகர மெய்யின் பின்னும் அவ்வாறே. காட்சி, ஆட்சி என்க. ரகர ழகர மெய்களின் பின்னரோ வளர்ச்சி, மகிழ்ச்சி என இரட்டித்தல் உண்டு. வளர்ந்தோரும் தடுமாறும் இடம் இது.

இவற்றினும் ஆழமான ஓர் ஒழுங்கும் உண்டு. ல, ற, ன என்பன ஒரு குடும்பம். ள, ட, ண என்பன மற்றொரு குடும்பம். தொல்காப்பியர் பிறப்பியலில் டகர ணகரங்களை ஓரிடத்துப் பிறப்பனவாகவும், றகர னகரங்களை மற்றோரிடத்துப் பிறப்பனவாகவும் வகுத்திருப்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. சொற்கள் திரியும்போது தத்தம் குடும்பத்துக்குள்ளேயே திரிகின்றன. கல், கற்கள், சொல், சொற்கள், கடல், கடற்கரை, நில், நின்றான், செல், சென்றான். மற்றைப் பக்கம் முள், முட்கள், கேள், கேட்டான், கொள், கொண்டான். கடற்கரை என்று சொல்லும்போது றகர ஒலி கேட்கின்றதாதலின், கடல் என்பதன் ஈற்றில் லகரமே எழுதவேண்டும் என்று பிள்ளை உய்த்துணரலாம். புல் என்பது புற்களாகும். பறவையைக் குறிக்கும் புள் என்பதோ புட்களாகும். ஓர் எழுத்துத் தவறினால் எங்கள் ஊரின் புல் சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்று வகுப்பிற் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பர், சிரித்ததனை மறவார்.

இவ்விதிகளைச் சூத்திரமாக ஓதுவித்தல் ஆகாது. பெற்றோரும் ஆசிரியரும் அறிந்து வைத்திருந்து, பிள்ளை தடுக்கும் வேளையில் ஒன்றிரண்டை எடுத்துக்காட்டல் வேண்டும்.

ஆங்கிலத்தின் நிலை

எங்கள் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டளவில் ஆங்கிலத்தையும் பாடமாகக் கற்கத் தொடங்குகின்றனர். அங்கே இத்தகைய சொற்கள் பெருங்கூட்டமாக எதிர்ப்படுகின்றன. அதற்கு வரலாறே காரணம். 1476இல் வில்லியம் காக்ஸ்ரன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல உறையச் செய்தது. ஆனால் அந்நூற்றாண்டுகளிலேயே ஆங்கில நெட்டுயிர்களின் ஒலிப்புப் பெரிதும் மாறிக்கொண்டிருந்தது. வாய் ஒரு வழி செல்ல, தாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கத்தியைக் குறிக்கும் சொல்லின் முதலிலுள்ள ‘கே’ என்னும் எழுத்து ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டதே. கடனைக் குறிக்கும் சொல்லில் ஒலியாது நிற்கும் ‘பீ’, இலத்தீன் மூலத்தைக் காட்டும் பொருட்டுக் கற்றோராற் பிற்காலத்திற் செருகப்பட்டது. தீவைக் குறிக்கும் சொல்லில் உள்ள ‘எஸ்’ அதனினும் வேடிக்கையானது. அச்சொல் இலத்தீனிலிருந்து வந்ததே அன்று. அவ்வாறு வந்த வேறொரு சொல்லைப் பார்த்து அவ்வெழுத்தை இதிலும் புகுத்தினர்.

இக்குறையை நீக்க முயன்றோரும் உளர். 1950இல் மறைந்த பெர்னாட் ஷா, ஆங்கிலத்துக்குப் புதிய நெடுங்கணக்கொன்றை ஆக்குமாறு தம் இறுதி விருப்பாவணத்திற் பணம் ஒதுக்கினார். 1961இல் ஜேம்ஸ் பிற்மன் வகுத்த தொடக்கக் கற்றலுக்கான நெடுங்கணக்கு இங்கிலாந்துப் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டது. பிள்ளைகள் அதில் விரைந்து வாசித்தனர். வழக்கிலுள்ள எழுத்துக்கூட்டலுக்கு மாறும்போது பலர் இடர்ப்பட்டனர். அம்முறையும் வழக்கொழிந்தது. எழுத்தைத் திருத்துவது எளிதன்று என்பதும், பிள்ளையின் கையைப் பிடித்து இருக்கும் எழுத்தின் வழியே அழைத்துச் செல்வதே நம்மாலாவது என்பதும் இவற்றாற் பெறப்படும்.

வீட்டிற் செய்யத்தக்கன

சொல்லைப் படமாகப் பார்த்து மனத்திற் பதித்தலே வாசிப்பு என்று முன்னர்ப் பலர் கருதினர். கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றிவிட்டது. லின்னியா எரி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் காட்டியபடி, சொல்லின் ஒவ்வோர் ஒலியும் அதற்குரிய எழுத்தோடு பிணைக்கப்படும்போதே சொல் நிலைத்து நிற்கின்றது. மாறுபடும் சொல்லிலும் பெரும்பகுதி ஒழுங்கானதே. ஓரெழுத்துத்தான் வழிவிலகி நிற்கும். பறவை என்பதனைப் பரவை என்று எழுதியவன் மூன்றெழுத்தில் இரண்டினைச் சரியாக எழுதினான். நான் அவ்விரண்டையும் சேர்த்தே அடித்துவிட்டேன். இதனை மனத்திற் கொண்டு பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

ஒரு நாளுக்கு மூன்று சொல், பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டா. சொற்களைப் பிள்ளையின் கொப்பியிலிருந்தும் அதன் வாழ்விலிருந்தும் எடுத்தல் நன்று. கரைவலை, இறால், மழை, வள்ளம் என்பன எங்கள் பிள்ளைகளுக்குப் பொருள் தெரிந்தவை. ஒவ்வொன்றையும் தடித்த எழுத்தில் ஓர் அட்டைத்துண்டில் எழுதுக. எழுதத்தெரியாத பெற்றோர் ஆசிரியரிடமோ அயலிலுள்ள மூத்த மாணவரிடமோ எழுதுவித்துக்கொள்ளலாம்.

முதலிற் பிள்ளை சொல்லைச் சொல்லி, அதனை வைத்து ஒரு தொடர் கூறட்டும். அடுத்து அட்டையைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசிக்கட்டும். காது சொன்னபடி வாராத எழுத்து எது என்று அதுவே கண்டு வட்டமிடட்டும். இவ்வட்டமிடுதலே முறையின் உயிர். பிறகு அட்டையைக் கவிழ்த்துவைத்து நினைவிலிருந்து எழுதட்டும். எழுதியபின் அட்டையை நிமிர்த்தி ஒப்பிட்டு, தானே திருத்தட்டும். பார்த்து நூறு முறை எழுதுவதினும், மறைத்து மூன்று முறை எழுதுவது மேலானது. நினைவிலிருந்து மீட்கும் முயற்சியே நினைவை உறுதியாக்குகின்றது.

எழுதுவதற்குத் தாளே வேண்டும் என்பதில்லை. திண்ணைப் பள்ளிக் காலத்தில் எங்கள் பாட்டன்மார் மணலில் விரலால் எழுதியே கற்றனர். புல்மோட்டைக் கரையின் கறுத்த மணல் ஈரமாயிருக்கும்போது அதனினும் நல்ல கரும்பலகை வேறில்லை. பிழையை அலை வந்து அழித்துவிடும். சிவப்பு மை எஞ்சாது.

கற்ற சொல்லை இடைவிட்டு மீட்டல் வேண்டும். மறதியை முதன்முதல் அளந்து ஆராய்ந்த ஜேர்மானிய அறிஞர் எபிங்கௌஸ் 1885இலேயே, ஒரே முறையிற் குவித்துக் கற்பதினும் நாட்களைப் பிரித்துக் கற்பது பயன் தரும் என்று காட்டினார். இதற்கு மூன்று வெறும் பால்மாப் பேணிகள் போதும். புதிய அட்டை முதற்பேணியில் இருக்கும்; அதனை நாள்தோறும் எடுத்துப் பார்க்க. சரியாக எழுதியதும் அது இரண்டாம் பேணிக்குச் செல்லும்; அதனை மூன்று நாட்களுக்கொரு முறை பார்க்க. அங்கும் வென்றால் மூன்றாம் பேணிக்குச் செல்லும். அதனைக் கிழமைக்கொரு முறை பார்த்தாற் போதும். தவறிய அட்டை முதற்பேணிக்குத் திரும்பும். பிள்ளை இதனை விளையாட்டாகவே கொள்கின்றது.

சொற்களைக் குடும்பமாகக் கற்பித்தல் சுமையைக் குறைக்கும். வெளி என்னும் ஒரு சொல்லை ளகரத்தோடு கற்ற பிள்ளைக்கு உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்னும் மூன்று ஊர்ப்பெயர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பற என்பதனைக் கற்றால் பறவை, பறந்தது, பறக்கும் என்பனவெல்லாம் பின்தொடரும். பேருந்திற் செல்லும்போது பலகைகளை வாசிக்கச் செய்வது செலவில்லாத பாடம்.

மயங்கும் இணை இரண்டினையும் ஒரே நாளிற் கற்பித்தல் தவறு. கரை, கறை என்று அருகருகே வைத்துக் காட்டினால், ஐயமில்லாதிருந்த பிள்ளைக்கும் ஐயம் பிறக்கும். கரை உறுதியானபின் சில கிழமை கழித்துக் கறையைக் கற்பிக்க. அவ்வாறே, பிழையான வடிவத்தை எழுதிக் காட்டி ‘இப்படி எழுதாதே’ என்பதும் ஆகாது. கண் எதனைக் கண்டதோ அதனையே கை நினைவுகொள்ளும்.

பேச்சு வடிவத்தை இகழாது, எழுத்து வடிவத்தை அதன் பக்கத்தில் நிறுத்துதல் வேண்டும். “நாங்கள் ஒண்டு என்று சொல்லுவோம், புத்தகம் ஒன்று என்று சொல்லும்” என்றாற் போதும். பிள்ளைக்கு இரண்டு உடை உண்டு. ஒன்று வீட்டுக்கு, ஒன்று பாடசாலைக்கு. உரத்து வாசிக்கும்போது ழகர றகரங்களைச் சிறிது மிகைப்படுத்தி ஒலிக்கப் பழக்கினால், எழுதும்போது அவ்வொலி உள்ளே கேட்கும். ரயர், டயர் போன்றவற்றிற் பாடநூல் கொண்டுள்ள வடிவத்தைப் பிள்ளைக்குத் தருக. பாட்டனார் எழுதுவதனைப் பிழை என்னாது, பழைய வழக்கு என்க.

ஆங்கிலச் சொற்களுக்கும் இதே முறை பொருந்தும். தீவைக் குறிக்கும் சொல்லில் ‘எஸ்’ எழுத்துக்கு வட்டமிட்டு, அது செருகப்பட்ட கதையைச் சொல்லுக. எங்கள் நாடே தீவு. அச்சொல் நெடுநாள் பயன்படும்.

ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். பல மாதங்கள் பொறுமையோடு முயன்றும் எழுத்துக்கள் பிள்ளையின் பிடிக்குள் வரவில்லையாயின், அதனை மந்தம் என்றோ சோம்பல் என்றோ முடிவுசெய்தல் கொடுமை. கண்ணிலோ செவியிலோ குறை இருத்தல் கூடும். அறிவிற் சிறந்த பிள்ளைகளுக்கும் எழுத்தையும் ஒலியையும் பிணைப்பதில் இயல்பான இடர்ப்பாடு இருத்தல் கூடும் என்று மருத்துவரும் கல்வியறிஞரும் கூறுவர். அத்தகைய பிள்ளையை உரியவரிடம் காட்டுதல் கடன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையை மனத்தில் வைத்து எழுத்துப்பிழைக்காகப் பிள்ளையை அடிக்கும் பெற்றோர் ஒன்றை உணர்தல் வேண்டும். அடியாற் பிள்ளை கற்பது எழுதாதிருத்தலையே. எழுதினாலன்றோ பிழை வரும்?

எழுத்தறியாத் தாயின் கண்

இனி அத்தாயாரின் வினாவுக்கு வருவோம். எழுதத் தெரியாதவர் வீட்டில் என்ன செய்யலாம்?

இம்முறையில் அவர் செய்யவேண்டியது ஒன்றே. அட்டையை மறைத்துப் பிடித்தல், பிள்ளை எழுதி முடித்ததும் அதனை அருகில் வைத்து, ஓரெழுத்துக்கு ஓரெழுத்தாக, “ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கு?” என்று கேட்டல். அதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் போதும். கிழிந்த வலையில் ஒரு கண்ணி தவறினாலும் கண்டுபிடிக்கும் கண்களுக்கு, ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு காண்பது அரிதோ? அட்டைகளும் பேணிகளும் கொடுத்து, முறையைச் செய்துகாட்டிவிட்டு வந்தேன். நூறு முறை எழுதுவித்ததற்காகப் பையனிடம் வருத்தமும் தெரிவித்தேன். அடுத்த திங்கட்கிழமை அவன் வகுப்பில் இருந்தான்.

சில மாதங்களின் பின் அத்தாயார் பாடசாலைக்கு வந்தார். ஒரு கையில் என் அட்டை; மறு கையில் மகனின் பாடநூல். “சேர், இது ரெண்டும் ஒரு சொல் எண்டுதான் புள்ள சொல்றான். ஆனா நடுவில உள்ள எழுத்து வேற மாதிரிக் கிடக்கு” என்றார். நோக்கினேன். பாடநூலில் ‘கறுப்பு’ என்று இருந்தது. நான் ‘கருப்பு’ என்று எழுதியிருந்தேன். இரண்டும் வழக்கில் உள்ளனவே. ஆயினும் பிள்ளையின் நூல் கொண்ட வடிவத்தையே நான் எழுதியிருத்தல் வேண்டும். நானே வகுத்த விதியை நானே மறந்தேன். அதனைக் கண்டுபிடித்தவர், தமக்கு எழுத்து வராது என்று என்னிடம் சொன்னவர்.

அவ்விடத்திலேயே அட்டையைத் திருத்திக் கொடுத்தேன். அவர் அதனை வாங்கி, மாற்றிய எழுத்தின்மீது விரலை வைத்து, “இது றவன்னாதானே?” என்று வினவினார். ஆம் என்றேன்.

இவ்விதழை வாசிக்கும் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் அயலில் இத்தகைய வீடொன்றை அறிந்திருப்பர். அங்கே நூலகமோ தனிப்பட்ட வகுப்போ வேண்டியதில்லை. கிழமைக்குச் சில அட்டைகளை எழுதிக் கொடுத்தாற் போதும். எஞ்சியதை மூன்று பேணிகளும் ஒரு தாயின் கண்களும் செய்துகொள்ளும். எழுதும் அட்டையை மட்டும் பிள்ளையின் பாடநூலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்க.